பத்தாவது பாட்டுக்குக் கோபம் போதவில்லை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி ஒரு காலத்தில் ராக் பாடகியாக இருந்தவள். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அவள் பாடி நேரில் கேட்டவர்கள் குறைவு. இப்போது அவள் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். கரையில் நின்று "காலை அடி, காலை அடி" என்று அவள் போடும் சத்தம் வெளியே பஸ் நிறுத்தம் வரை கேட்கும்.

அவளுடைய குழுவுக்குப் 'பின்வாசல்' என்று பெயர். அவள் பாடினாள். அவளுடைய முதல் கணவன் கிட்டார் வாசித்தான். அவனை எல்லோரும் கம்பி என்றே கூப்பிடுவார்கள். டிரம்ஸ் அடித்தவனுக்கு இடி என்று பட்டம். இடியின் தம்பி பேஸ் கிட்டார். அவர்கள் வெளியிட்டது ஒரே ஓர் ஆல்பம். அதன் பெயர் 'சில்லறைச் சண்டைகள்'. பத்துப் பாட்டுகளும் ஒரு வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி போட்டுக்கொள்ளும் சண்டைகள்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு ஒரு பாட்டு. சாப்பிடக் கூப்பிட்டால் 'இதோ' என்று சொல்லிவிட்டு வராமலே இருப்பதற்கு ஒரு பாட்டு. கடைசிப் பாட்டின் பெயர் 'போறேன்'. வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வார்கள். வெறும் 'போறேன்' என்று சொல்ல மனசு கல்லாக வேண்டும். அவள் அதை எழுதிப் பாடிய கையோடு சொல்லிவிட்டும் போனாள். ஆல்பம் கடைக்கு வந்தபோது குழுவும் இல்லை, குடித்தனமும் இல்லை. ஆல்பம் மட்டும் ஓடு ஓடென்று ஓடியது.

அது வெளிவந்து இருபது வருஷம் ஆகிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஊரின் பெரிய அரங்கத்திலிருந்து ஃபோன் வந்தபோதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தாள்.

"முழு ஆல்பத்தையும் வரிசையா, முதல் பாட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் பாடணுமாம். இடியும் அவன் தம்பியும் சரின்னுட்டாங்க."

"பாடேன்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"கம்பியும் இருப்பான்."

"கிட்டார் இல்லாம எப்படிப் பாடுவே?"

"அதுக்கில்லைங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் யோசித்துப் பார்த்தார். தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த ஆல்பத்தை அவர் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. பொறாமை என்று சொல்ல முடியாது. அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம். கடைத்தெருவில் எங்கேயாவது அந்தப் பாட்டுகளில் ஒன்று ஒலித்தால், நாகரிகமாக வேறு பக்கம் போய்விடுவார்.

"எனக்கென்ன? நல்லா பாடு" என்றார்.

எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார், "மாப்பிள்ளை நல்லாத்தான் வாசிப்பாரு" என்றாள்.

"எந்த மாப்பிள்ளைம்மா?" என்று கேட்டாள் மகள்.

மாமியார் "அதான்... அந்த மாப்பிள்ளை" என்று இழுத்தவள், எழுந்து போய் இந்த மாப்பிள்ளையின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

கம்பியை அவர் முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்தது தன் கடையில்தான். கல்லாவுக்கு முன்னால் வந்து நின்ற மனிதனுக்கு முன்தலை வழுக்கை. கையில் ஒரு சுருட்டிய காகிதம்.

"அவ அனுப்பினா. பேப்பர்ல எழுதி வெச்சிருக்கறது எதுவும் கண்ணுக்குத் தெரியல. கையை நீட்டி நீட்டிப் பார்க்கறேன், கை போதல."

"உள்ள வாங்க."

கண் பார்க்கும் அறை இரண்டு பேர் உட்காரத்தான் கொள்ளும். விளக்கை அணைத்தார். அந்த இருட்டில் இரண்டு பேருடைய முழங்காலும் இடித்துக்கொண்டன. கம்பியின் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டார், எடுத்தார், இன்னொன்றைப் போட்டார். ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி, வாயிலிருந்து தானாக வந்தது.

"இது நல்லா இருக்கா, முன்னாடி இருந்தது நல்லா இருந்ததா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. கம்பியின் தோள் லேசாகக் குலுங்கியது. அவன் சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்ததும் இவருக்கும் அடக்க முடியவில்லை. வெளியே கடையில் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், உள்ளே இரண்டு ஆம்பிளைகள் இருட்டில் உட்கார்ந்து அப்படி என்ன சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப இருக்கறதே நல்லா இருக்குங்க" என்றான் கம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பதுதான் இப்போது அவன் வேலை. "நசுங்கினதைப் பார்த்துப் பார்த்தே கண்ணு போச்சு" என்றான். "வயசாச்சு, அவ்வளவுதான்" என்றார் இவர். கண்ணாடி தயாரானதும் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஒத்திகை இடியின் பேக்கரிக்கு மேலே, மாவு மூட்டை அடுக்கும் அறையில் நடந்தது. அதிகாலைச் சுடுதல் முடிந்த பிறகு அந்த இடம் சும்மாத்தான் கிடக்கும். இடி டிரம்ஸை அடிக்க அடிக்க, மேலே உத்தரத்திலிருந்து மாவு பொடிப்பொடியாக உதிர்ந்து எல்லோர் தலையிலும் படியும். மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக வந்த கண்ணாடிக் கடைக்காரர், ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து அப்படியே இருந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மூட்டை அவருக்கென்று ஆகிவிட்டது.

முதல் நாள் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. ஈரத் துண்டுப் பாட்டு வந்தபோது, தானும் இத்தனை வருஷமாகத் துண்டை ஏன் அவ்வளவு ஒழுங்காகக் கொடியில் போட்டு வருகிறோம் என்று யோசித்தார். கல்யாணமான புதிதில் அவள் அதை ஒரு தடவை சொன்னாள், ஒரே தடவை. அந்தக் குரலில் இருந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. கம்பி வாங்கிய திட்டில் நான் தப்பித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவன்மேல் ஒரு நன்றிகூட வந்தது.

வாரா வாரம் அவர்கள் ஒன்பது பாட்டு வாசித்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை அவர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"பத்தாவது பாட்டு எப்போ?"

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். கம்பி புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

இடிதான் சொன்னான். "அந்தப் பாட்டை இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சதே இல்ல சார். அக்கா ஒரு நாள் ரெக்கார்டிங்குக்கு வந்து பாடிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வாரம் கம்பி தனியா வந்து, அதுமேல வாசிச்சான். மேடையில ஏத்தறதுக்கு முன்னாடி குழுவே கலைஞ்சு போச்சு."

"சரி, அதைப் போட்டுக் கேட்டுட்டு வாசிக்கலாமே?"

"நான் கேட்டதில்ல" என்றாள் அவள்.

"நானும் அதுக்கப்புறம் கேட்டதில்ல" என்றான் கம்பி.

"நானும்தான்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். இடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகமெல்லாம் கேட்ட பாட்டை, கேட்க வேண்டிய மூன்று பேர் மட்டும் கேட்கவில்லை. அவன் ஃபோனை ஸ்பீக்கரில் சொருகினான்.

இளம் பெண் ஒருத்தியின் குரல் மாவு அறையில் எழுந்தது. கூர்மையான குரல், நடுவில் ஓரிடத்தில் உடைந்து, உடைந்ததைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே போனது. உன் சாவியை நீயே வைத்துக்கொள், உன் மௌனத்தையும் நீயே வைத்துக்கொள் என்றது. போயிட்டு வரேன்னு சொல்ல வாய் வரல, போறேன் என்றது. கண்ணாடிக் கடைக்காரர் தன் மனைவியைப் பார்க்காமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடுவது அவள்தான் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணிடம் போய் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

கடைசி 'போறேன்' முடிந்ததும் கிட்டார் ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை. அலறியது, இழுத்தது, கதவை உதைப்பது போல உதைத்தது. முடியப்போகிறது என்று நினைக்கும் நேரத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று அவர் பயந்தார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னது இது? மாவு மிஷின் ஓடற மாதிரி?"

"கோபம்" என்றான் கம்பி.

"எனக்கும்தான் கோபம். அதுக்காக இவ்வளவு நேரமா?"

"கை வலிச்சதும் நிறுத்தினேன்."

பிறகு வாசித்துப் பார்த்தார்கள். சுரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாதியிலேயே இடி குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, நீங்க பாடறதைக் கேட்டா குழந்தையைத் தூங்க வைக்கற மாதிரி இருக்கு. டேய் கம்பி, நீ தொட்டில் ஆட்டற மாதிரி வாசிக்கறே. டிக்கெட் வாங்கி வர்றவங்க இந்தப் பாட்டுக்காகத்தான் வர்றாங்க. கொஞ்சம் கோபப்படுங்களேன்."

இரண்டு பேரும் முயன்றுதான் பார்த்தார்கள். அன்றைக்கு எதற்காக வீட்டை விட்டுப் போனாள் என்று நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். துண்டுதான் என்றாள் அவள். துண்டு இல்லை, அது முந்தின வருஷம், இது அந்த நாற்காலி விஷயம் என்றான் கம்பி. எந்த நாற்காலி என்றாள் அவள். அவனுக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"உண்மையா ஞாபகம் இல்லையா?" என்று அவர் காரில் போகும்போது கேட்டார். அவள் தலைமுடியிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "வலிச்சது ஞாபகம் இருக்கு. எதுக்குன்னுதான் மறந்துபோச்சு" என்றாள்.

இடி விடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் அவளுடைய அம்மாவையே அழைத்து வரச் சொன்னான். மாமியாருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மூட்டையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கம்பியின் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மழையில் மகளை ஸ்டேஷனில் காக்க வைத்தது, அவள் தங்கச்சி கல்யாணத்துக்குக் கிழிந்த சட்டையோடு வந்தது, ஒரு மாசம் பேசாமல் இருந்துவிட்டு ஏன் என்று கேட்டதற்கு 'பாட்டு யோசிச்சேன்' என்றது. கம்பி கை கட்டி நின்று கேட்டுக்கொண்டான்.

"ஆமா அத்தை. தப்புதான் அத்தை" என்றான் கடைசியில். "சொல்லணும்னு நெனச்சேன், சொல்ல வழி தெரியல. நீங்களும் மனசுல வெச்சுக்காதீங்க."

மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "நல்ல பையன்தான். என்ன, கொஞ்சம் முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாம்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் துணையாக அவள் மகளும் துடைத்துக்கொண்டாள். மிச்சம் மீதி இருந்த கொஞ்சக் கோபமும் அத்தோடு போயிற்று. இடி தலையில் கை வைத்துக்கொண்டு கீழே பேக்கரிக்குப் போய்விட்டான்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மத்தியானமே எல்லோரும் அரங்கத்துக்கு வந்து, ஸ்பீக்கரும் மைக்கும் சரிபார்க்கத் தயாராகிவிட்டார்கள். கம்பியை மட்டும் காணோம். ஃபோனும் எடுக்கவில்லை. சவுண்ட் பார்க்கிறவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வியர்த்து வழிய வந்து சேர்ந்தான். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போனானாம்.

அவள் மேடையிலிருந்தே பிடித்துக்கொண்டாள். "உனக்கு அறிவு இருக்கா? ஒரு ஃபோன் பண்ணத் தெரியாதா உனக்கு? இத்தனை பேரு இங்க நிக்கறோம், நீ பாட்டுக்கு ஆடி அசைஞ்சு வர்றே. நீ எப்பவும் இப்படித்தான்."

இடியின் முகம் மலர்ந்தது. "அதான். அதை அப்படியே வெச்சுக்கோங்க, விட்டுடாதீங்க" என்று டிரம்ஸை நோக்கி ஓடினான். அவன் போய் உட்காருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கம்பி "சாரி" என்றான், அவள் "சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சில் என்னவோ நறுக்கென்று தைத்தது. இத்தனை வாரம் அந்தச் சண்டைப் பாட்டுகளையெல்லாம் கேட்டபோது வராதது, இந்தத் திட்டைக் கேட்டு வந்தது. அவர் எழுந்து பக்கவாட்டு நடைக்குப் போய், தீயணைக்கும் சிலிண்டரில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் தேடிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்க."

"என்னை இந்த மாதிரி நீ திட்டினதே இல்லையே."

"திட்டற மாதிரி நீங்க எதுவும் செய்யறதில்லையே."

"அதுக்கில்ல." அவர் சிலிண்டரைப் பார்த்தே பேசினார். "நீ, வா, போன்னு... அவ்வளவு உரிமையா."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நாங்க ஒரே காலேஜ்ங்க. பதினெட்டு வயசுலேர்ந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். உங்களைப் போய் நீன்னு சொன்னா எனக்கு நாக்கு சுளுக்கிக்கும்."

"ஒரு தடவை சொல்லிப் பாரேன்."

அவள் நடையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. "நீ போய் உக்காரு. நான் பாடறதைக் கேளு" என்றாள். சொன்ன மாத்திரத்தில் இருவருக்கும் வெட்கமாகிவிட்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர்கள் அப்படித் தலை குனிந்ததில்லை. அவள் வேகமாக மேடைக்குத் திரும்பினாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் சிலிண்டரைப் படித்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் அரங்கம் நிரம்பிவிட்டது. அவருக்கு இந்தப் பக்கம் மாமியார், காதில் பஞ்சோடு. அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பெண், "நான் கம்பியோட வீட்டுக்காரி" என்று சொல்லிக் கையை நீட்டினாள். மாட்டு டாக்டர். அவருடைய கை எலும்பு நொறுங்கும்படி குலுக்கினாள்.

"இந்த ஆல்பத்தைக் கேட்டுட்டுத்தான் நான் அவரையே தேடிப் போனேன்" என்றாள். "எங்கம்மா அப்பவே தலையில அடிச்சுக்கிட்டாங்க. அந்தாளு எப்படின்னு பத்துப் பாட்டுல விலாவாரியா சொல்லியிருக்காங்களே, அப்புறமும் கட்டிக்கறியேன்னு."

"சொன்னதெல்லாம் சரியா இருந்ததா?"

"ஒண்ணு விடாம. இதோன்னு சொன்னா இன்னைக்கும் வர மாட்டாரு. அந்தம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போடணும்."

விளக்குகள் அணைந்தன. நால்வரும் மேடைக்கு வந்தார்கள். நாலு பேருக்கும் மூக்குக்கண்ணாடி. நாலும் அவர் கடையில் செய்தது. முதல் பாட்டின் முதல் அடியிலேயே அரங்கம் எழுந்துவிட்டது. அவள் குரல் அந்தப் பழைய உச்சிக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக, நீச்சல் குளத்தில் இத்தனை வருஷம் கூவிக் கூவி ஏறிய ஒரு கனம் அதில் இருந்தது. ஒவ்வொரு பாட்டாக வந்தது, போனது. ஜனங்கள் வரிக்கு வரி கூடவே பாடினார்கள்.

பத்தாவது பாட்டு. அரங்கம் அடங்கியது. அவள் கண்ணை மூடி ஆரம்பித்தாள். கோபமாகப் பாட அவள் முயலவே இல்லை. வெகு நாள் முன்னால் யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி, நிதானமாக, அந்த யாரோவின்மேல் பிரியத்தோடு பாடினாள். இடி டிரம்ஸுக்குப் பின்னால் கவலையோடு உட்கார்ந்திருந்தான். கடைசி வரி வந்தது. போயிட்டு வரேன்னு சொல்ல வாய் வரல என்று பாடிவிட்டு, மைக்கிலிருந்து கொஞ்சம் விலகி, மெதுவாக "போறேன்" என்றாள்.

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாட்டு டாக்டர் இருக்கையின்மேல் ஏறி நின்று, அடித்தொண்டையிலிருந்து "போறேன்" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். அரங்கம் முழுக்கக் கத்தியது. ஆபீஸ் சட்டையோடு வந்தவர்கள், கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள், புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தவர்கள், தனியாக வந்தவர்கள், எல்லோரும் ஆளாளுக்கு எதையோ யாரையோ நினைத்துக்கொண்டு கத்தினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கன்னமெல்லாம் நனைந்திருக்கச் சிரித்துக்கொண்டே கத்தினாள். கம்பி கிட்டாரைத் தூக்கிப் பிடித்தவன், வாசிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு அவர்கள் மூச்சு வாங்குகிற இடைவெளிகளில் மட்டும் இரண்டு சுரம், மூன்று சுரம் வைத்தான், நன்றாக இருக்கிறது, இன்னொரு தரம் என்று சொல்வது போல. இடிக்கு உயிர் வந்துவிட்டது. கூரை அதிர அடித்தான். அவள் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். அவளிடமும் கம்பியிடமும் இல்லாமல் போன கோபத்தையெல்லாம் ஊர் சேர்த்து வைத்திருந்தது. அதைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு லேசாகிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் சத்தம் போட்டுப் பேசிக்கூடப் பழக்கமில்லாதவர். அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அவரும் "போறேன்" என்று கத்தினார்.

மாமியார் ஒரு காதின் பஞ்சை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எங்க போறீங்க மாப்பிள்ளை? இருங்க, முடிஞ்சதும் எல்லாருமா போகலாம்" என்றாள்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் இடி கொண்டுவந்திருந்த பன்களைப் பிட்டுத் தின்றார்கள். மாட்டு டாக்டர் அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. இரண்டு பெண்களும் மூலையில் உட்கார்ந்து கம்பியைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். கம்பி அந்தப் பக்கமே போகாமல் கிட்டார் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வேறு ஊர்களிலும் செய்யலாமா என்று அரங்கத்துக்காரர்கள் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறோம் என்றான் இடி. பேக்கரியை யார் பார்ப்பது என்றான் அவன் தம்பி. ஒத்திகை தொடங்கி மூன்று மாசத்தில் அவன் பேசியதே அது ஒன்றுதான்.

மறுநாள் காலை அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குளத்துக்கு லீவு சொல்லச் சொன்னார் அவர்; அவள் கையை ஆட்டி மறுத்துவிட்டு ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். விட்டவர் உடனே கிளம்பாமல், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். குளத்தில் தண்ணீர் பச்சையாக ஆடியது. அவள் கரையோரமாக நடந்தபடி விசிலை ஊதினாள்; காலை எப்படி அடிக்க வேண்டும் என்று காற்றில் கையால் அடித்துக் காட்டினாள். டீச்சருக்குக் குரல் இல்லை என்று கண்டுபிடித்துவிட்ட பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்து ஒரே கும்மாளம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதுவும் செய்ய முடியாமல் நின்று சிரித்தாள்.

அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷட்டருக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பூட்டைத் திறந்தார்.